வற்றிய கிணற்றடியில் செபம்



செபிக்க வேண்டும் என்பதை அறியாத கத்தோலிக்கர் நம்மிடையே எவருமிலர். தாயின் மடியிலிருந்தே சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொண்டவர்கள் நாம். ஆயினும் நம்மிற் பலர் பங்குத்தந்தையிடங்கூடச் சொல்லத் தயங்கும் துயரம் ஒன்று உண்டு. செபமாலை கையில் உருளுகின்றது. உதடுகள் மந்திரங்களை உச்சரிக்கின்றன. உள்ளமோ வரண்டு கிடக்கின்றது. சுவரோடு பேசுவதுபோல் இருக்கின்றது. இப்படிப்பட்ட செபத்தால் என்ன பயன், நிறுத்திவிட்டால்தான் என்ன என்று மனம் கேட்கின்றது. சிலர் மெல்ல மெல்ல நிறுத்தியும் விடுகின்றனர்.

இக்கேள்விக்கு விடைதேடுவோர் அவிலாவின் புனித தெரேசாவிடம் செல்வது நல்லது. 1515ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் அவிலா நகரிற் பிறந்து, இருபது வயதிற் கார்மேல் சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர் இவர். 1970ஆம் ஆண்டு பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநராகப் பிரகடனஞ் செய்தார். பெண்களுள் இம்மகிமையை முதலிற் பெற்றவர் இவரே. செபத்தைப்பற்றி உலகுக்குக் கற்பித்த இந்த ஆசிரியை, செபத்தில் எளிதாக முன்னேறியவர் என்று எண்ணிவிடாதீர்கள். செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்த ஆண்டுகள் பல தமது வாழ்வில் இருந்தன எனத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள், நற்கருணை உட்கொண்ட வேளை தவிர, கையில் ஒரு நூலின்றிச் செபிக்க அமரத் துணியவில்லை என்றும் கூறுகின்றார். நூல் இல்லாவிடில் எண்ணங்கள் சிதறி ஓடிவிடும். நமக்கும் அவருக்கும் இவ்விடயத்தில் வேறுபாடு அதிகமில்லை அல்லவா?

ஒருகட்டத்தில் அவர் தியானச் செபத்தைக் கைவிட்டும் இருந்தார், அதுவும் ஓராண்டுக்கு மேலாக. இத்தனை குறைகளோடு இறைவனோடு நெருங்கி உறவாட எனக்கென்ன தகுதி என்ற எண்ணமே அதற்குக் காரணம். அது தாழ்மைபோல் வேடமிட்டு வந்த சோதனை என்பதைப் பின்னரே அவர் உணர்ந்தார். தந்தையின் மரணத்திற்குப்பின் தொமினிக்கன் சபைக் குரு ஒருவரின் அறிவுரையால் மீண்டும் செபிக்கத் தொடங்கியவர், அதன்பின் விடவேயில்லை. இன்றும் நம் பங்குகளிற் பலர், ஏதோ ஒரு பாவத்தின் பாரத்தாலோ குடும்பப் பிரச்சினையாலோ, "முதலில் என்னைத் திருத்திக்கொண்டு பிறகு கோவிலுக்கு வருகின்றேன்" என்று ஒதுங்கி நிற்கின்றனர். குணமான பின் வைத்தியரிடம் போகின்றேன் என்று நோயாளி சொல்வது போன்றது இது.

தெரேசா தந்த உவமைகளுள் நம் மண்ணுக்கு மிகப் பொருத்தமானது தோட்டத்தின் உவமை. ஆன்மாவை அவர் ஒரு தோட்டமாகக் காண்கின்றார். களை மண்டிய தரிசு நிலம் அது. களைகளைப் பிடுங்கி நல்ல கன்றுகளை நடுபவர் ஆண்டவர். அவை வாடாமல் நீர் வார்ப்பது நம் பணி. அந்த நீர் நான்கு வழிகளில் வரலாம் என்கின்றார்: கிணற்றிலிருந்து கையால் இறைப்பது, வாளிகள் கோத்த சக்கரத்தைச் சுழற்றி எடுப்பது, ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ பாய்வது, வானிலிருந்து மழையாகப் பொழிவது.

யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர்த்தால், ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லாத நிலம் இது. வெங்காயமும் புகையிலையும் கிணற்று நீரிலேயே விளைந்தன. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, மற்றொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற, விடியுமுன்னரே தொடங்கிய அந்த உழைப்பை நம் முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. மாடு பூட்டிச் சுழலும் சூத்திரத்தை அறிந்தவர்களும் உளர். வாய்க்கால் நீரின் சுகத்தை அறிய மன்னாரின் கட்டுக்கரைக் குளத்து வயல்களுக்குச் செல்லவேண்டும். மழையின் அருமையை நாம் எல்லோரும் அறிவோம்.

தொடக்க நிலையில் உள்ளவரின் செபம் துலா மிதிப்பது போன்றது. உழைப்பு அதிகம், நீரோ கொஞ்சம். மனத்தைக் கட்டி நிறுத்தவேண்டும், நினைவுகளைத் திரும்பத் திரும்ப அழைத்து வரவேண்டும். போகப்போக உழைப்புக் குறைந்து நீர் பெருகும். இறுதியில் மழைபோல் இறைவனே வந்து நிரப்புவார். ஆனால், மழையை எவரும் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. அது முற்றிலும் அவருடைய கொடை.

இன்று நம்மிடையே காணப்படும் குறை, துலாவைத் தொடாமலே மழையைத் தேடி அலைவது. எங்கே கண்ணீர் பெருகும், எங்கே உடல் சிலிர்க்கும் என்று கேட்டு ஊர் ஊராகச் செபக் கூட்டங்களுக்குச் செல்வோர் உளர். அக்கூட்டங்களை நாம் பழிக்கவில்லை. அவற்றால் மனந்திரும்பியோரும் உண்டு. எனினும் வெள்ளியிரவு ஒலிபெருக்கியின்முன் அழுது செபித்தவர், சனிக்கிழமை மாலை தம் வீட்டில் பிள்ளைகளோடு பத்து நிமிடம் முழந்தாளிட முடியாதவராய் இருந்தால் அவரது தோட்டம் வாடத்தான் செய்யும்.

சரி, கிணறே வற்றிவிட்டால்? இதற்கும் தெரேசா பதில் தருகின்றார். வாளியைப் பலமுறை இறக்கியும் நீர் வராத நாள்கள் உண்டு, கையைத் தூக்கவும் வலுவற்ற நாள்கள் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. அப்போதும் தோட்டக்காரன் தன் இடத்தை விட்டுப் போகலாகாது என்கின்றார். தோட்டம் அவனுடையதன்று, ஆண்டவருடையது. அவன் வந்து நின்றதே ஆண்டவருக்குப் பிரியமானது. நீரில்லாமலே செடிகளைக் காத்து, நற்பண்புகளை வளர்க்க அவரால் இயலும்.

இதனை எழுதும்போது நம் கண்முன் நிற்பவர்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார். 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்த நாளிலிருந்து, சிலர் அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே, மடு அன்னையிடமும் புனித அந்தோனியாரிடமும் ஒரே மன்றாட்டை வைத்திருக்கின்றனர். 2017 மாசியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்தவர்களின் கைகளிற் பிள்ளைகளின் புகைப்படங்கள் இருந்தன. விடை காணாமலே மரித்துப்போன தாய்மாரும் பலர். இவர்களிடம் சென்று "விசுவாசத்தோடு கேளுங்கள், கிடைக்கும்" என்று இலகுவாகச் சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொல்வோர் சற்று மௌனமாயிருப்பது மேல்.

அவர்களுக்குத் துணையாக நிற்பவர் கெத்சமனித் தோட்டத்து இயேசுவே. இந்தத் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டுமென அவர் தந்தையிடம் மன்றாடினார். மும்முறை அவ்வாறு மன்றாடியதாக மத்தேயு எழுதுகின்றார் (மத் 26:36-46). கிண்ணம் அகலவில்லை. சீடர்களும் உறங்கிவிட்டார்கள். ஆயினும் அவர் தந்தையை நோக்கிப் பேசுவதை நிறுத்தவில்லை. சிலுவையிற் கைவிடப்பட்ட நிலையிலும் அவரை அழைத்தே கதறினார். விடை கிடையாத செபமும் செபமே. கோபத்தோடும் அழுகையோடும் கேட்கப்படும் "ஏன்?" என்ற கேள்வியும் செபமே. திருப்பாடல்களை எடுத்து வாசித்துப் பாருங்கள், இத்தகைய முறையீடுகள் அங்கே நிறைந்து கிடக்கின்றன.

தெரேசாவுக்கும் இந்தக் கெத்சமனிக் காட்சி மிக நெருக்கமானது. துறவு மடத்திற்குச் செல்லுமுன்பிருந்தே, பல்லாண்டுகளாக, அநேகமாய் ஒவ்வோர் இரவும் உறங்குமுன் அக்காட்சியைச் சற்று நேரம் நினைத்துக்கொள்வது அவரது வழக்கம். இரத்த வியர்வை சிந்திய ஆண்டவருக்கருகில் இருக்க விரும்பினார், அவ்வளவே. செபம் என்பது நம்மை நேசிப்பவர் என்று நாம் அறிந்த ஒரு நண்பரோடு அடிக்கடி தனித்திருந்து பேசுவது என அவர் பிற்காலத்தில் விளக்கியது இந்தப் பழக்கத்திலிருந்து முளைத்ததாகவே நமக்குத் தோன்றுகின்றது. நண்பரிடம் போகும் ஒவ்வொரு முறையும் உள்ளம் பொங்குவதில்லை. பேச ஒன்றுமின்றித் திண்ணையில் அமர்ந்திருந்துவிட்டு வருவதும் உண்டு. நட்பு அதனாற் குறைவதில்லை.

இறைத்த கிணறு ஊறும் என்பது நம் முன்னோர் மொழி. ஆகவே பெற்றோரே, வீட்டில் மாலைச் செபத்தைத் தொடங்குவதற்கு நல்ல மனநிலை வரட்டும் என்று காத்திராதீர்கள். ஒரு நேரத்தைக் குறியுங்கள். தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசிகளையும் அந்நேரம் நிறுத்தி வையுங்கள். இதில் முதலில் கீழ்ப்படிய வேண்டியவர்கள் பிள்ளைகள் அல்லர், நாமே. செபமாலை முழுவதும் இயலாவிடில் பத்து மணிகள் போதும். மனம் அலைந்தால் தெரேசாவைப் போல நூலொன்றைத் துணைகொண்டு, நற்செய்தியில் ஒரு பகுதியை மெதுவாக வாசியுங்கள். சமாரியப் பெண் கிணற்றடியில் ஆண்டவரிடம் தண்ணீர் கேட்ட நிகழ்வு (யோவா 4) அவருக்குச் சிறு வயது முதல் மிகப் பிரியமானது, அதிலிருந்தே தொடங்கலாம். மன்றாட்டு நேரத்தில் பிள்ளைகளையும் அவரவர் சொந்த வார்த்தைகளிற் பேசவிடுங்கள். அம்மம்மா நான்காம் மறைபொருளைச் சொல்லும்போது கடைக்குட்டி பாயிலேயே தூங்கிவிட்டால் அதட்டி எழுப்பாதீர்கள். லிசியே நகர்ப் புனித தெரேசாவும் செபவேளையிற் கண்ணயர்ந்தவர்தான். உறங்கும் பிள்ளையையும் பெற்றோர் நேசிக்கின்றனரே என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார்.