திருகோணமலையை விலைபேசுறதை நிறுத்துவம்



அப்டன் பார்க்கில் எங்கட ஆக்கள் நாலு பேர் அரசியல் கதைக்கத் தொடங்கினால் திருகோணமலை வந்துவிடும். "கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த இடம். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நாங்கள் தேவை. ஒருநாள் எங்களிட்ட வருவினம்." இப்போது இளையவர்களும் ஹோர்முஸ், மலாக்கா எண்டு வரைபடம் காட்டி இதையே சொல்லினம். இன்னொருத்தன்ர கடற்படைக்காகக் காத்திருக்கிறதுக்குப் பெயர் விடுதலை அரசியலா?

முதலில் வரைபடத்தைப் பார்ப்பம். ஹோர்முஸை விட்டால் பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பல் வெளியே வர வேறு வழி கிடையாது. பாக்கு நீரிணையின் கதை வேறு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் ஆதாம் பாலத்து மணல்திட்டில் பெரிய கப்பல் தரைதட்டும். உலகத்தின் எண்ணெயும் கொள்கலன்களும் தெற்கே தேவேந்திரமுனையைச் சுற்றியே போகின்றன. 2005இல் தொடங்கிய சேதுசமுத்திரக் கால்வாய் வேலையும் பாதியில் நின்றது.

திருகோணமலை அருமையான இயற்கைத் துறைமுகம், சரி. 2009இலும் அது அங்கேதான் இருந்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாளுக்குள், மே 27 அன்று, ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை வாக்கெடுத்தது. ஒண்டோட ஒண்டு முட்டிக்கொள்ளுற இந்தியாவும் சீனாவும் பாகிஸ்தானும், எங்களில் பலர் கொண்டாடுகிற கியூபாவும், கொழும்பின் பக்கமே நிண்டன.

கேந்திர முக்கியத்துவம் அங்க வாழுற சனத்தை என்ன செய்யும்? டியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைக்க, 1973க்குள் சாகோஸ் மக்கள் அத்தனை பேரையும் பிரித்தானியா அகற்றியது. அவர்களில் பலர் இண்டைக்கு லண்டனுக்குத் தெற்கே கிராலியில் வாழ்கிறார்கள். அதே தீவில் 2021 முதல் எங்கட அகதிகள் மூன்று வருடம் அடைபட்டுக் கிடந்தார்கள். அது சட்டவிரோதத் தடுப்பு எண்டு 2024 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வடக்கு மீனவருக்குப் பாக்கு நீரிணை தொழில் செய்யிற இடம். போர்க்காலத்தில் பாதுகாப்பு எண்டு சொல்லி அந்தக் கடலை அவர்களுக்கு அரசு மூடியது. போர் முடிந்து திரும்பி இறங்கினால், தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வலையை அறுத்து, கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகின்றன. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. இந்தியப் படகுகள் நிற்கவில்லை. டெல்லி கோவிக்கும் எண்டு எங்கட அமைப்புகள் வாய் திறக்கிறதில்லை. அந்தப் படகில் கூலிக்கு வாறவனைத்தான் கடற்படை பிடிக்குது. முதலாளி கரையில் கணக்குப் பார்க்கிறான்.

ஆகவே அடுத்த அறிக்கையில் மூன்றை எழுதுங்கோ: இழுவைமடி நிற்க வேணும். கூலித் தொழிலாளியைச் சுடவோ சிறையில் போடவோ கூடாது. 2010இல் சென்னையில் நேரே பேசின மாதிரி, இரண்டு கரை மீனவரும் திரும்பப் பேச வேணும். பேசி முடிவெடுத்ததை இரண்டு அரசும் நடைமுறைப்படுத்த வேணும்.

அந்தக் கடலில் வலை போடுறவனிட்டக் கேட்காமல் அதை ஆருக்கும் விலைபேச எங்களுக்கு உரிமை இல்லை.