பரிசோதனைத் தாளில் தமிழுக்கு ஒரு வரி

முத்தியால்பேட்டையில் நம் அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர், மூட்டுவலிக்காக அண்மையில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். முன்னெல்லாம் முடிவைப் பெற மறுநாளும் நடக்க வேண்டும். இம்முறையோ அன்றிரவே அது பேரனின் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. ஆயின், 'ஈ.எஸ்.ஆர்.' என்பதற்கு எதிரே 28 என்ற எண்ணும், அதனருகே தடித்த 'எச்' என்னும் ஆங்கில எழுத்தும் இருந்தன. 'மிகுதி' என்பதே அதன் பொருள் என்பதைப் பேரன் அறிவான். எதன் மிகுதி, எத்துணைக் கேடு என்பதை அறியான். அவ்வீட்டார் அன்று உறங்கவில்லை. காலையில் மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "இந்த வயதுக்கு இது இயல்புதான், பாட்டி" என்றார். இரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகத்தைக் காட்டும் அவ்வெண் முதுமையில் சற்றே உயர்ந்திருப்பது வழக்கமாம்.

வெளிநோயாளர் பிரிவில் கணிப்பொறியும் கருவிகளும் புகுந்ததால் விளைந்த நன்மைகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றின் ஊரடங்கு நாள்களில், வீட்டிலிருந்தவாறே மருத்துவரைக் கண்டு பேசும் 'இ-சஞ்சீவனி' வசதியை நடுவணரசு தொடங்கியது. 2022-இல், மருத்துவமனை வாயிலில் ஒட்டிய குறியீட்டைக் கைபேசியால் படம்பிடித்து, வரிசையில் நில்லாமலே பதிவுச் சீட்டுப் பெறும் முறையும் வந்தது. நாட்கூலி பெறுவோர்க்கு ஒரு முற்பகல் மிஞ்சுவது சிறு செய்தியன்று. கைபேசி இல்லாத முதியோர்க்கு இதனால் என்ன பயன் என்ற வினா எழுகின்றது. அவர்களுக்கெனப் பழைய சாளரம் ஒன்று திறந்தே இருக்க வேண்டும். மருத்துவரின் கண்கள் நோயாளியை விட்டுத் திரைக்குச் சென்றுவிட்டன என்ற குறையும் உண்மையே. எனினும் இவையெல்லாம் பலரும் பேசுபவை.

நாம் சொல்ல விழைவது வேறு. முன்பு பரிசோதனை முடிவை நோயாளிக்கு எடுத்துரைத்தவர் மருத்துவர். அவர் வாயிலாக அது தமிழாயிற்று. இன்று தொழில்நுட்பம் அவரை முந்திக்கொண்டு தாளை நேரே வீட்டிற்கு அனுப்புகின்றது. மொழியை மட்டும் மாற்றவில்லை. விரைவு கூடியது, விளக்கம் கழன்றுவிட்டது.

புதுவைக்கு இது புதிதன்று. இன்றைய ஜிப்மரின் மூலமான மருத்துவப் பள்ளியைப் பிரெஞ்சு அரசு 1823-இல் நிறுவியது. அன்று பிரெஞ்சு, இன்று ஆங்கிலம். நோயாளி மட்டும் என்றும் தமிழர்!

மருத்துவம் தமிழில் அடங்குமா என ஐயுறுவோர் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைக்கட்டும். சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) என்னும் அமெரிக்க மருத்துவர், 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்கு மாணவர்க்குத் தமிழில் மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியல் முதலிய நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். அயல்நாட்டார் ஒருவர் அச்சுக்கோத்துச் செய்ததை, கணிப்பொறி கையிலிருக்கும் நாம் செய்ய இயலாதா?

ஆய்வுக்கூடத் தாள்கள் ஒவ்வொன்றும் புதிதாக எழுதப்படுவன அல்ல. முன்பே வகுத்த படிவத்தில் எண் மட்டுமே மாறுகின்றது. எனவே ஒவ்வொரு சோதனைப் பெயரின் கீழும், 'இது எதை அளக்கின்றது, வயதிற்கேற்ப எவ்வளவு மாறும்' என ஒரு தமிழ் வரி சேர்ப்பது ஒரு முறை செய்தால் முடிகின்ற பணி. எந்திரமே மொழிபெயர்த்துவிடும் என்பாரும் உளர். ஒரு சொல் பிறழ்ந்தாலும் மருந்து பிறழும் இடம் இது. மருத்துவரும் தமிழறிந்தோரும் ஒருங்கமர்ந்து பார்த்த வரியே தாளில் ஏற வேண்டும்.

அப்பணியைத் தமிழ்த்துறைகள் ஏற்கலாம் என்பது நம் கருத்து. இலக்கணம் கற்ற மாணவர் இருவரும் ஊர் மருத்துவர் ஒருவரும் போதும். அடிக்கடி செய்யப்படும் சோதனைகள் இருபதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஈ.எஸ்.ஆரிலிருந்தே தொடங்கட்டும், மூதாட்டியிடம் படித்துக் காட்டி, அவருக்குப் புரிகின்றதா என்றும் கேட்டுவிடலாம்.