சிவப்புப் புள்ளியா? இரும்புக் குறியா?

கைத்துப்பாக்கியை எப்படிக் குறி பார்ப்பது?

துப்பாக்கியின் முனையில் ஒரு சிறு முளை இருக்கும். பின்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்தின் நடுவே முளை தெரிய வேண்டும். முளைக்கு நேரே இலக்கு இருக்க வேண்டும். இதுதான் இரும்புக் குறி.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பள்ளம், முளை, இலக்கு ஆகிய மூன்றும் மூன்று தூரத்தில் உள்ளன. கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். முளையைப் பார்த்தால், எதிரே நிற்கும் ஆள் மங்கலாகி விடுவான். நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்துவிட்டால், முளையே மங்கிவிடும்!

புதுக் கருவி

1975-ம் ஆண்டு சுவீடன் நாட்டின் ‘எய்ம்பாயிண்ட்’ கம்பெனி, பாட்டரியால் எரியும் சிவப்புப் புள்ளிக் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. நாளடைவில் அத்தகைய கருவி சிறியதாகி, கைத்துப்பாக்கி மீதும் ஏறிவிட்டது.

அதன் ஒளி எதிராளி மீது விழாது. சிறு கண்ணாடியில் பட்டு, சுடுபவர் கண்ணுக்கே திரும்பும். புள்ளி இலக்கின் மீது ஒட்டியிருப்பது போலத் தெரியும்.

2017-ம் ஆண்டு அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த எம்-17 கைத்துப்பாக்கியில், இக்கருவியைப் பொருத்த இடம் உண்டு. அங்கே போலீசார் பலரும் இதை வைத்திருக்கிறார்கள்.

எது நல்லது?

போலீசாருக்குப் புள்ளியே நல்லது. ஏன்?

எதிரே நிற்பவன் கையில் இருப்பது துப்பாக்கியா, டெலிபோனா? அதைப் பார்க்க வேண்டிய கண், முளையில் சிக்கிக் கிடக்கலாமா? தவறாகச் சுட்டுவிட்டால், போன உயிர் திரும்புமா? புள்ளி இருந்தால், கண் ஆளை விட்டு அகலாது.

ஆனால், பாட்டரி தீர்ந்தால் புள்ளி மறைந்துவிடும். மழைத்துளி கண்ணாடியை மறைக்கும். பழகாதவர் புள்ளியைத் தேடித் தடுமாறுவார். ஆகவே, இரும்புக் குறியைக் கழற்றி எறியக் கூடாது. இரண்டும் இருக்க வேண்டும். இரண்டிலும் பயிற்சி வேண்டும்.

போட்டி வேறு

விளையாட்டுப் போட்டியில் உயிருக்கு ஆபத்து இல்லை. அங்கே சோதிக்கப்படுவது கண்ணும் கையும்தான். அதனால் ஒலிம்பிக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் சிவப்புப் புள்ளிக்கு இடம் இல்லை. 2024-ம் ஆண்டு பாரிசில் இந்தியப் பெண் மனு பாக்கர் 2 வெண்கலப் பதக்கம் வென்றது, இரும்புக் குறியைப் பார்த்துச் சுட்டுத்தான். அந்த விதி நீடிப்பதே நியாயம்.

புள்ளி, குண்டு எங்கே போகும் என்று காட்டும். சுடலாமா, கூடாதா என்று காட்டாது. அதை மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும்!