முதல் பயணம் கோலாலம்பூருக்கே இருக்கட்டும்



ஆண்டுத் தேர்வு நெருங்கும்போதெல்லாம் எங்களுக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடும். சமையல் குறிப்பும் வீட்டு வைத்தியமும் பின்னுக்குப் போய், பயணம் முன்னுக்கு வந்துவிடும். இந்த வருடம் இளம் பெற்றோர் பலர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இடுப்பில் ஒன்று, எல்.கே.ஜி.யிலோ யூ.கே.ஜி.யிலோ இன்னொன்று. இதுவரை வெளிநாடு போனதில்லை. கடன் வாங்காமல் ஒருமுறை போய்வர வேண்டும். எங்கே போகலாம்? துபாய், சிங்கப்பூர், தாய்லாந்து, மலேசியா என்று நான்கையும் எழுதிவிட்டு, ‘நீங்களே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்’ என்று பொறுப்பை என் தலையில் கட்டியவர்களும் உண்டு.

சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர். அதுவும் கோலாலம்பூர் மட்டும்.

ஊரைத் தேர்ந்தெடுத்த காரணம் எளிது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிறது. சுமார் நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை தங்க விசா தேவையில்லை. அந்தச் சலுகையை 2026 முடியும்வரை நீட்டித்திருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு விசா எடுக்க வேண்டும், அறை வாடகையும் அதிகம். துபாயில் மே மாத வெயிலைக் கைக்குழந்தை தாங்காது. தாய்லாந்து நல்ல இடம்தான், ஆனால் நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தமிழில் விசாரிக்க ஓர் ஆள் கிடைக்கும் ஊர் முதல் பயணத்துக்குப் பெரிய தெம்பு.

அந்த ‘மட்டும்’ என்ற சொல்லுக்குத்தான் வீட்டில் எதிர்ப்பு வரும். ‘இவ்வளவு தூரம் போய் அப்படியே சிங்கப்பூரையும் பார்த்துவிட்டு வந்தால் என்ன?’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். டிராவல்ஸ்காரர்கள் நீட்டும் திட்டங்களும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். காலை ஏழு மணிக்கு லாபியில் நிற்க வேண்டும். புத்ரஜெயாவில் பஸ்ஸிலிருந்து இறங்கிப் படம் எடுத்துவிட்டு ஏற வேண்டும், நடுவில் ஒரு சாக்லெட் கடை, மதியம் பத்துமலை, மறுநாள் கெந்திங் மலை, அதற்கு மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். எல்லையில் மலேசியாவை விட்டு வெளியேற ஒரு வரிசை, சிங்கப்பூருக்குள் நுழைய ஒரு வரிசை. இரண்டு இடத்திலும் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இதற்கு நான்கு பேருக்கு விசாவும் எடுத்து, இரண்டாவது ஊரின் வாடகையும் கொடுக்கிறோம். பார்த்த இடங்களின் எண்ணிக்கை கூடும் என்பது உண்மை. பார்த்தது பெரியவர்கள் மட்டும்தான் என்பதும் உண்மை.

நான்கு வயதுப் பிள்ளைக்கு வெளிநாடு என்பது லிஃப்ட் பொத்தான், ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ரயில், ஓட்டல் நீச்சல்குளம், ஜன்னலில் தெரியும் விமானத்தின் இறக்கை. 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க அதற்கு அரை நிமிடம் போதும். அதே கோபுரத்தின் காலடியில் 50 ஏக்கரில் கே.எல்.சி.சி. பூங்கா இருக்கிறது. பிரேசில் நாட்டு நிலவடிவக் கலைஞர் ரொபெர்ட்டோ பர்லே மார்க்ஸ் வடிவமைத்தது. சறுக்கு, ஊஞ்சல் என்று பெரிய விளையாட்டுத் திடல் உண்டு, கால் நனைத்து விளையாட ஆழமில்லாத குளம் உண்டு, இரவில் இசையோடு ஆடும் நீரூற்று உண்டு. எதற்கும் கட்டணமில்லை. கோபுரத்தின் மேலேறிப் பார்க்கும் டிக்கெட்டுக்கு நான்கு பேருக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்து, பூங்காவுக்கு இரண்டு சாயங்காலம் போகலாம். மாற்றுத் துணி ஒரு செட் கையில் இருக்கட்டும்.

நாளையும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரே ஓர் இடம். மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் பல நாட்களில் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும், அந்த நேரத்தில் உள்ளே இருப்பதே நல்லது. சாயங்காலம் பூங்கா அல்லது நீச்சல்குளம். டிக்கெட் வாங்கித்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தால் பறவைப் பூங்கா ஒன்றுக்கு மட்டும் வாங்குங்கள். பெரிய வலைக்கூரைக்குள் பறவைகள் நம் தலைக்கு மேலேயே பறக்கும், பிள்ளைகள் கூச்சல் போட்டாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். இங்கெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டினருக்கு ஒரு கட்டணம். இணையத்தில் பார்த்த குறைந்த விலை யாருக்கானது என்று கவனித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

பத்துமலைக்குப் போகாமல் வந்தால் வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள். போங்கள், ஆனால் டாக்சி வேண்டாம். கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து கொம்யூட்டர் ரயில் நேராகக் கோயில் வாசலுக்கே போகிறது. சில ரிங்கிட்தான் கட்டணம். ரயில் அடிக்கடி வராது என்பதால் நேரம் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். 42.7 மீட்டர் முருகன் சிலை 2006-ல் எழுந்தது. பக்கத்தில் ஏறும் 272 படிகளுக்கு 2018-ல் வானவில் நிறமெல்லாம் பூசினார்கள். மேல் குகைக்குப் போகக் கட்டணம் கிடையாது. முழங்கால் தெரியும் உடை மட்டும் கூடாது. தள்ளுவண்டி அங்கே பாரம்தான், கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் பை இருந்தால் நல்லது. பிஸ்கட் பாக்கெட்டையோ ஜூஸ் பாட்டிலையோ பிள்ளை கையில் கொடுத்து ஏற்றாதீர்கள். குரங்குகளுக்கு அது எங்கிருந்தாலும் தெரிந்துவிடும்.

தங்க பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். கே.எல். சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரம். ஊரின் ரயில்கள் பலவும் அங்கே வந்து சேர்கின்றன, தெருவெல்லாம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள். ‘வெளிநாடு போய் இட்லி தின்கிறார்கள்’ என்று கேலி செய்பவர்கள் மூன்று வயதுப் பிள்ளையோடு பயணம் செய்யாதவர்கள். தயிர்சாதம் கிடைக்கும் தெருவில் அறை எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மற்ற வேளைகளுக்கு மாமாக் கடைகள் இருக்கின்றன. தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த கடைகள். சுடச்சுட ரொட்டி சானாய், பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வைத்த ரொட்டி பீசாங். ஓட்டல் அறையைவிடச் சின்ன சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள அபார்ட்மென்ட் கிடைத்தால் எடுங்கள். பால் காய்ச்சலாம், குடிநீர் கொதிக்க வைக்கலாம், பெட்டியில் துணி பாதியாகக் குறையும். பெட்டி குறைந்தால் விமானத்தில் லக்கேஜ் கட்டணமும் குறையும். வெளிநாட்டினர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக உண்டு. ஒரு ரிங்கிட் நம் பணத்தில் இருபது ரூபாய்க்கு மேல்; வாடகையோடு இதையும் சேர்த்தே பாருங்கள்.

இப்போது டிக்கெட். குறைந்த விலை விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி விடிகாலையில் கோலாலம்பூர் சேரும். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்கு அதிகாலை நான்கு மணி என்றால் அவர்களுக்கு ஆறரை. அறைச் சாவியோ பெரும்பாலான இடங்களில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான். தூங்காத இரண்டு பிள்ளைகளோடும் நான்கு பெட்டிகளோடும் அந்த எட்டு மணி நேரத்தை எங்கே கழிப்பது? டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணம் காபிக்கடையிலும் டாக்சியிலும் கரைந்துவிடும், முதல் இரண்டு நாள் பிள்ளைகளின் அழுகையிலேயே போய்விடும். ஆகவே பகல் விமானம் சற்று விலை கூடினாலும் அதையே எடுங்கள். இரவு விமானம்தான் என்றால் முந்தைய நாள் இரவுக்கும் சேர்த்து அறை எடுத்துவிடுங்கள். ஊதாரித்தனம் போலத் தெரியும் இந்த ஒரு செலவைத்தான் நான் வற்புறுத்திச் சொல்வேன். சுற்றிப் பார்ப்பதில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள். பிள்ளைகளின் தூக்கத்தில் பிடிக்காதீர்கள்.

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு மடியில் இடம், கட்டணம் குறைவு. போகும்போது ஒன்றே முக்கால், வரும்போது இரண்டு நிரம்பிவிடும் என்றால் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுத்தாக வேண்டும். பிறந்தநாளுக்கு முந்தைய வாரமே போய்வருவது லாபம். இன்னொன்று: மூத்த பிள்ளை இன்னும் மழலையர் வகுப்பில் இருந்தால் மே மாதத்தைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்பு தொடங்கும்வரை நான்கு நாள் விடுப்பு பெரிய குற்றமில்லை. கூட்டமில்லாத மாதத்தில் டிக்கெட் விலை வேறு மாதிரி இருக்கும். பள்ளி ஆசிரியைகள் என்னை மன்னிக்கட்டும்.

பாஸ்போர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். கட்டணம் 1,000 ரூபாய், எட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் புது விண்ணப்பத்துக்கு அதிலும் 10 சதவீதம் தள்ளுபடி. பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி, அதாவது இணைப்பு ‘டி’, வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தை நாமே கொண்டுபோக வேண்டும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். அந்தச் சான்றிதழை எடுத்து இன்றே ஒருமுறை பாருங்கள். மருத்துவமனையில் பிறந்த கையோடு வாங்கியது என்றால் குழந்தையின் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். பதிவு செய்த ஓராண்டுக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணமில்லை, அதன் பிறகு தாமதக் கட்டணம் உண்டு.

அடுத்தது நம் முன்னெழுத்து. பாஸ்போர்ட்டில் ‘க.’ என்றோ ‘மு.’ என்றோ போட முடியாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் இல்லாத நம்மவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவது வழக்கம். பிறகு விமான டிக்கெட் பதியும்போது அந்தக் கட்டத்தை நிரப்பாமல் இணையதளம் நகராது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா கேட்பவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலேயே கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. ஆகவே குழந்தைக்கு எடுக்கும்போதே அப்பா பெயரையோ அம்மா பெயரையோ குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள்தான் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். அம்மா மட்டும் பிள்ளையோடு போவதாக இருந்தால் பிறப்புச் சான்றிதழின் நகலும் அப்பாவின் சம்மதக் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும். எல்லோருடைய பாஸ்போர்ட்டுக்கும் ஆறு மாத ஆயுளாவது பாக்கி இருக்க வேண்டும்.

மலேசியாவுக்குள் நுழையும் முன் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், கைக்குழந்தை உட்பட ஆளுக்கொன்று. அரசு தளத்தில் இது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது வேறு யாரோ நடத்துவது.

பணவிஷயம் சுருக்கமாக. விமான நிலையத்தில் நோட்டு மாற்றாதீர்கள். பல வங்கி அட்டைகள் வெளிநாட்டுச் செலவில் மூன்றரை சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கும். கிளம்பும் முன் விசாரியுங்கள். கடை இயந்திரம் ‘ரூபாயா, ரிங்கிட்டா’ என்று கேட்டால் ரிங்கிட் என்றே அழுத்துங்கள். பேக்கேஜ் எடுத்தால் டி.சி.எஸ். என்று ஒரு வரி பிடிப்பார்கள். வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைத் திரும்பப் பெறலாம், ரசீதைத் தொலைக்காதீர்கள். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் விரைவு ரயில் பெரியவருக்கு 55 ரிங்கிட். குடும்பமாக வந்தால் செல்பேசிச் செயலியில் அழைக்கும் கிராப் கார் பெரும்பாலும் அதைவிட மலிவு, வாசலிலேயே இறங்கலாம். பயணக் காப்பீட்டை மட்டும் வெட்டாதீர்கள். பிள்ளைகளின் வழக்கமான மருந்தை மருத்துவர் சீட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பாலோ தண்ணீரோ குடிக்கக் கொடுத்தால் காதடைப்பு குறையும். மலேசிய பிளக் வேறு மாதிரி, ஓர் அடாப்டர் வாங்கி வையுங்கள்.

பாட்டியையும் கூட்டிப்போகலாமா என்று கேட்டவர்களுக்கு: அவருக்கு விருப்பமிருந்தால் தாராளமாக, ஆனால் பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆளாக அல்ல. 272 படி ஏற முடியாவிட்டாலும் கீழேயும் கோயில்கள் இருக்கின்றன. இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட்டாக எடுத்தால் தலைக்கு வாடகை குறையவும் வாய்ப்புண்டு.

மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒரு தொகையை நான் இங்கே எழுதவில்லை. டிக்கெட் விலை வாரத்துக்கு வாரம் மாறும், வீட்டுக்கு வீடு தலைகளின் எண்ணிக்கையும் மாறும். அதைவிட, சின்னப் பிள்ளைகளோடு போய்வந்தவர்கள் உங்கள் செலவுச் சீட்டை அப்படியே எங்களுக்கு அனுப்புங்கள். எந்த மாதம் போனீர்கள், பிள்ளைகளுக்கு என்ன வயது, எதற்கு எவ்வளவு ஆனது, எதை வாங்கியிருக்க வேண்டாம் என்று. பினாங்கோ கொழும்போ எதுவானாலும் சரி. அடுத்த இதழில் அதற்கென இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்