லைவ் மியூசிக் நம்ம பஸ் ரூட்லயே இருக்கு!

"சென்னையில இருந்தா ஜாஸ், கச்சேரின்னு போகலாம். பெரம்பலூர், அரியலூர்ல என்ன இருக்கு?" ஹாஸ்டலில் இதைச் சொல்லாத ஆளே இல்லை. நானும் சொன்னவன்தான்.

அரியலூரில் தஞ்சாவூர் பஸ் ஏறுங்க. திருமானூர், கொள்ளிடம் பாலம் தாண்டினா திருவையாறு. ஜனவரி வாக்கில் அங்கே தியாகராஜர் ஆராதனை. 1847-ல் மறைந்தவரின் சமாதி அருகே, காவிரிக் கரையில், நாள் முழுக்கக் கச்சேரி. டிக்கெட் கிடையாது.

ஜாஸில் நமக்குப் பிடிச்சதே, மேடையிலேயே புதுசா பிறக்கும் இசைதானே? கர்நாடக சங்கீதத்தில் அதுக்குப் பேர் மனோதர்மம். 1970-களில் ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினோடு 'சக்தி' குழுவில் கடம் வாசித்தவர் நம்ம விக்கு விநாயக்ராம். ரெண்டும் அவ்வளவு நெருக்கம்.

"தெலுங்குப் பாட்டு, ராகமும் தெரியாது. அது நமக்கான இடமா?" நியாயமான கேள்விதான். ஆனா அந்தச் சமாதிக்குக் கோயில் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே, பெண் என்பதால் அங்கே பாட முதலில் இடமில்லை. போராடித்தான் வாங்கினார். கேட்கப் போகிற நம்மை யாரும் தடுக்கலை. நம்ம தயக்கம்தான் தடுக்குது.

இந்தத் தடவை ஒரு நாள் போய் உட்காருங்க. ராகம் பேர் தெரியாட்டி பரவாயில்ல. போனை மட்டும் பைக்குள்ள வச்சிடுங்க.