மருத்துவத் தேர்வில் இரண்டு பாதிகள் வேண்டாம்

மருத்துவ உரிமத் தேர்வில் அடிப்படை அறிவியலையும் நோய்ச் சிகிச்சையையும் ஒரே கேள்விக்குள் சேர்த்தே கேட்க வேண்டும். உலகெங்கும் இத்தேர்வுகள் மாறிவருகின்றன. அமெரிக்காவின் முதற்கட்டத் தேர்வு 2022 ஜனவரி முதல் மதிப்பெண்ணைக் கைவிட்டுத் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே அறிவிக்கிறது. இந்தியாவோ 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் எழுதிவைத்த பொதுத் தேர்வை 2023 ஜூலையில் தள்ளிப்போட்டது. இங்கே மலேசியாவில், 1971 மருத்துவச் சட்டத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாத பல்கலைக்கழகங்களில் படித்துத் திரும்புவோர் தகுதித் தேர்வைத் தாண்டியாக வேண்டும்.

அறிவியலையும் சிகிச்சையையும் ஏன் பிரிக்க முடியாது என்பதற்கு டெங்கியைப் பாருங்கள். காய்ச்சல் இறங்கியதும் குடும்பம் நிம்மதி அடைகிறது. ஆபத்து அப்போதுதான் தலைகாட்டுகிறது. நுண்குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிகிறது, ஹீமட்டோகிரிட் ஏறுகிறது. எவ்வளவு திரவம் ஏற்றுவது என்பது வார்டில் எடுக்கும் முடிவு. அதற்கான காரணமோ முதலாண்டு உடலியங்கியலில் இருக்கிறது. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி நொதிக் குறைபாட்டைச் சோதிப்பதும் இப்படித்தான்: இந்த நொதி குறைந்தவருக்கு மலேரியா மருந்தான பிரைமாகுயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். இதில் உயிர்வேதியியல் எங்கே முடிகிறது, சிகிச்சை எங்கே தொடங்குகிறது?

படிப்பை இரண்டு இடங்களில் பிரிப்பது பினாங்கின் ஜார்ஜ்டவுனுக்குப் புதிதல்ல. 1996-இல் பினாங்கு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனத்தின் மாணவர்கள் முதற்பகுதியை டப்ளினிலும் மருத்துவமனைப் பயிற்சியை இங்கும் முடித்தார்கள். கடல் கடந்து படிக்கலாம். ஆனால் பாடத்தையே இரண்டாக அறுத்துத் தேர்வு வைக்கக் கூடாது.

மலேசிய மருத்துவ மன்றம் இத்தகைய கலப்பு வினாக்களையே தேர்வின் மையமாக்கி, மாதிரிகளை முன்கூட்டியே தேர்வர்களிடம் தர வேண்டும். மனப்பாடக் கையேடு விற்பவர்கள் வருந்தக்கூடும். கல்லூரிகள் இறுதியாண்டிலும் உயிர்வேதியியல் ஆசிரியரை வார்டுக்கு அழைத்துவரட்டும்.