பொம்மைக்கும் உண்டு தாங்குகோல்!



பிச்சாவரம் உப்பங்கழியில் படகேறிச் சென்றவர்கள் சுரபுன்னை மரத்தைக் கண்டிருப்பீர்கள். சேற்றிலே நிற்கும் மரம்; ஆனால் துணையின்றி நிற்பதில்லை. தண்டின் நாற்புறமும் வளைந்திறங்கும் வேர்கள் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. காலமெல்லாம் நிற்பதற்கு ஊன்றுகோல் வேண்டுமென்பதை இயற்கை அறிந்திருக்கிறது!

கரையேறிச் சிதம்பரம் வந்து, துணிக்கடை வாயிலிலே சற்று நில்லுங்கள். பட்டுடுத்திய பொம்மை வரவேற்கும். முன்னாளில் ஐரோப்பியக் கடைகளில் மெழுகால் செய்து வைத்தார்கள். வெப்பம் மிகுந்தால் முகம் உருகிற்று. இன்று கண்ணாடி இழையில் வார்க்கிறார்கள். உருகுவதுமில்லை, ஊதியம் கேட்பதுமில்லை. மடிப்பிலே கிடக்கும் சேலையைக் கண்டு தயங்குபவர், உடுத்திய கோலத்தில் கண்டால் பணப்பையைத் திறப்பார். அதற்குத்தான் அந்தப் பொம்மை. அதன்மேல் எனக்கு வழக்கில்லை. அதன் காலடியைத்தான் காட்ட விரும்புகிறேன். கனத்த அடித்தட்டு, கெண்டைக்காலிலே செருகிய இரும்புக் கம்பி! உயிரற்றதும் துணையின்றி நில்லாதென்பது முதலாளிக்குத் தெரிந்தே இருக்கிறது.

அருகிலே சீருடையில் நிற்கிறாளே ஒரு பெண், விடியலில் பிச்சாவரத்துப் பக்கமிருந்து பேருந்தேறி வந்தவளாக இருக்கலாம், அவளுக்கு எது துணை? வாங்குவோர் வராத வேளையிலும் அமரலாகாதாம், சுவரிலே சாயலாகாதாம். பொம்மை மனிதரைப்போல் தோன்றவேண்டும், மனிதர் பொம்மையாகிவிட வேண்டும்! பாதம் வீங்குகிறது, நரம்பு சுருண்டு புடைக்கிறது. "அமர்ந்தால் சோம்பல் வளரும்" என்கிறார் முதலாளி, மெத்தையிட்ட கல்லாவில் அமர்ந்தபடியே!

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையேனும் வேண்டுமென்று பிரிட்டன் 1899இலேயே சட்டமியற்றியது. கோழிக்கோட்டுக் கடைப்பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள்; 2018இல் கேரளம் பணிந்தது. நமது கடைகள், நிறுவனங்கள் சட்டம் பிறந்தது 1947இல். அமரும் உரிமை அதில் ஏறியதோ 2021இல், 22-அ என்னும் பிரிவாக. எழுபத்துநான்கு ஆண்டுகள் கழித்து! ஏட்டில் ஏறியது கடைக்குள் ஏறிற்றா? நான் சென்ற ஒரு கடையில் முக்காலி இருந்தது, உண்மைதான். அதன்மேல் அமர்ந்திருந்தது துணிக்கட்டு!

பொங்கலுக்குப் புத்தாடை வாங்கப் போவீர்கள். முழக்கம் வேண்டாம், முற்றுகையும் வேண்டாம். விலை கேட்குமுன் ஒன்று கேளுங்கள்: "இந்தப் பெண்கள் அமர இருக்கை எங்கே?" அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள், பதில் சொன்னவளுக்கு மறுநாள் வேலை இருக்காது. கல்லாவிலே கேளுங்கள்.